உயிரோடு இருக்கிற நாய்க்கு ஓர் அஞ்சலி நோட்டீஸ்

சாட்டிக் கடலில் குளிப்பாட்டினால் நாயின் உண்ணியெல்லாம் விழுந்துவிடும் என்று எனக்குச் சொன்னது ஆரென்று இன்றைக்கும் ஞாபகமில்லை. ஞாபகம் வந்தால் அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன். அந்தப் பேச்சை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு நாயை ஸ்கூட்டரின் கால்தட்டில் ஏற்றிக்கொண்டு சாட்டிக்குப் போனேன். போகும்போது நாங்கள் இரண்டு பேர். வரும்போது நான் மட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நாய் என்னுடையது இல்லை, என் மனிசியுடையது. அப்படித்தான் பத்து வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மீன்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்து எங்கள் வாசல் படலையடியில் களைத்து நின்ற குட்டி அது. மனிசி ஒரு மீன் தலையைப் போட்டா. அதோடு மீன்காரர் போய்விட்டார், குட்டி போகவில்லை. வளவுக்குள் மட்டும்தான் என்று நான் சட்டம் போட்டேன். பிறகு, சரி, விறாந்தை வரைக்கும் என்றேன். பிறகு, குசினிக்குள் மட்டும் வரக்கூடாது என்றேன். இப்போது அது என்னுடைய சாய்மனைக் கதிரையில் படுக்கிறது. நான் பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்து பேப்பர் வாசிக்கிறேன். ஆனாலும் ஆராவது கேட்டால், "எனக்கு உந்த நாய் பூனை ஒண்டும் பிடிக்காது" என்றுதான் சொல்வேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அதற்குப் பெயர் ஒன்று உண்டு. இங்கே எழுதப்போவதில்லை. தீவுப்பகுதி முழுக்க அதைக் கேட்டாகிவிட்டது.

அந்த நாய்க்கு ஒரு பலவீனம். கதவு திறந்திருக்கிற எந்த வாகனத்தைக் கண்டாலும் ஏறிக் குந்திவிடும். எங்கே போகிறது, ஆருடைய வாகனம் என்கிற விசாரணை ஒன்றும் கிடையாது. கல்யாண வீட்டுக் காரில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்த லொறியில் சந்தி வரைக்கும் போய் வந்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்த நான்தான், நாலைந்து வான்கள் கதவைத் திறந்துபோட்டு நின்ற சாட்டிக் கடற்கரையில், அதைக் கிணற்றடியில் விட்டுவிட்டு ஒரு முன்பின் தெரியாத மனிசனோடு வாதாடிக்கொண்டு நின்றேன். மண்கும்பான் கிணற்றுத் தண்ணீர் நல்லதா, சாட்டிக் கிணற்றுத் தண்ணீர் நல்லதா என்பது பிரச்சினை. அவர் சாட்டிக் கட்சி. நான் மண்கும்பான். இருபது நிமிடத்தில் அந்த மனிசனை மண்கவ்வ வைத்தேன். வென்ற பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். நாய் இல்லை. நின்ற வான்களில் இரண்டும் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல எனக்கே வெட்கம். கடற்கரையில் அங்குமிங்கும் ஓடினேன். நின்ற வான்களுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு வானுக்குள் தலையை விட்டபோது உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா போட்ட சத்தத்தில் அவவின் புருசன் துவாயோடு ஓடிவந்தார். "நாயைத் தேடுறன் அண்ணை" என்றேன். "ஆரைப் பாத்து நாய் எண்டுறாய்?" என்று அவர் துவாயை முறுக்கினார். அந்தக் கதையை இதோடு விடுவோம்.

வீட்டுக்கு வந்ததும் மனிசி கேட்ட முதல் கேள்வி: "எங்க நாய்?"

"பின்னால வருது."

"ஸ்கூட்டருக்குப் பின்னால ஓடியோ? இந்த வயசில?"

"அதுக்கும் ஒரு உடற்பயிற்சி தானே."

அவ படலைக்குப் போய் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா. வெறும் றோட்டு. ஐந்து நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் ஏலாமல் போய் உண்மையைச் சொன்னேன். ஏசுவா என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏசவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அதன் சாப்பாட்டுக் கோப்பையை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி வாசற்படியில் வைத்தா. ஏசியிருந்தால் நான் இரண்டு பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன். அந்தக் கோப்பைக்கு என்னிடம் பகிடி இருக்கவில்லை.

அன்று பின்னேரம் கோயிலுக்கு ஓடினேன். பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் பேச விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். விட்டார்கள். நாயின் நிறம், அடையாளம், காணாமற்போன இடம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் ஒழுங்காக எழுதித்தான் கொண்டுபோனேன். ஆனால் மைக்கைக் கையில் தந்ததும் துண்டு எங்கே போனது, நான் எங்கே போனேன் என்று தெரியவில்லை. அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டேன். "வாடா... எங்கையடா நிக்கிறாய்... வீட்டை வாடா. அப்பா கூப்பிடுறன்."

அப்பா. என்னுடைய வாயிலிருந்துதான் வந்தது. கோயில் ஒலிபெருக்கியின் மூன்று குழாய்களும் அதை மூன்று திசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. கோயிலில் நின்ற சனம் என்னைப் பார்த்தது. மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் இன்னொரு விசயமும் ஞாபகம் வந்தது: அந்த நாய்க்கு ஆறேழு மாதமாகக் காது கேளாது.

அடுத்த நாள் காலை பாண் வாங்கப் போன இடத்தில், "தேப்பன், மகன் வந்திட்டாரோ?" என்று ஒரு குரல். சிரிப்பு. "இன்னும் இல்லை, வந்ததும் உம்மட வீட்டைத்தான் முதல் அனுப்புவன், காலைத் தூக்கிப்போட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நாய் காணாமற்போன ஆள் மானத்தையும் சேர்த்துத் தேடிக்கொண்டிருந்தால் இரண்டும் கிடைக்காது. நான் நாயைத் தேடினேன்.

ஆலோசனைக்குக் குறைவில்லை. உடுத்த சாரத்தைப் படலையில் கட்டு, மணத்துக்கு வரும் என்றார் ஒருவர். கட்டினேன். அடுத்த வீட்டு ஆடு அதைத் தின்றது. கனடாவிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் வந்து, "நாய்க்குச் சிப் வைக்கேல்லையோ?" என்று கேட்டார். "இல்லை, உண்ணிதான் வைச்சிருக்கு" என்றேன். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நாய்தானே அண்ணை, இஞ்ச ஆறு குட்டி கிடக்கு, ஒண்டைத் தூக்குங்கோ" என்றார்.

"உம்மட மனிசி துலைஞ்சாலும் நான் இப்பிடித்தான் சொல்லட்டோ?"

வேலிக்குப் பின்னாலிருந்து அவருடைய மனிசியின் குரல் வந்தது: "சொல்லிப் பாருங்கோ அண்ணை, இவர் ஓம் எண்டுதான் சொல்லுவார்."

திங்கட்கிழமை மத்தியானம் நோட்டீஸ் அடிக்கச் சந்திப் போட்டோகொப்பிக் கடைக்குப் போனேன். படத்துக்குப் பட்ட பாடு பெரிய பாடு. நாயை எங்கள் வீட்டில் ஒருவரும் படம் எடுத்ததில்லை. கடைசியில் அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பத்தில், ஆலாத்தித் தட்டுகளுக்குக் கீழே, பலகாரத்தைப் பார்த்தபடி நின்றது. அதை வெட்டி எடுத்தோம். காதுக்குப் பக்கத்தில் ஆரோ ஒரு சித்தியின் பட்டுச்சேலைக் கரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. கடைக்காரத் தங்கச்சி, "எந்த டிசைன் அண்ணை?" என்று கேட்டா. "இருக்கிறதில நல்லதாப் பாத்துப் போடும், கெதியா" என்றேன். கணினியில் காட்டினா. நான் தொலைபேசி இலக்கத்தை மட்டும் ஐந்து தரம் சரிபார்த்தேன். மிச்சத்தைப் பார்க்கவில்லை. அது என் பிழை. அவவின் பிழை இல்லை. அவவிடம் இருந்ததிலே நல்ல டிசைன் எது என்று கேட்டால், எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஐம்பது நோட்டீஸ். பஸ் தரிப்பிடம், சந்தி மதகு, சனசமூக நிலையச் சுவர், மீன் சந்தை என்று என் கையாலேயே ஒட்டினேன். இரண்டை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து, பஸ்ஸுக்குள் ஒன்றும் நயினாதீவுப் படகு வெளிக்கிடுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒன்றும் ஒட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மிச்சத்தில் ஒன்றை மனிசியிடம் பெருமையாக நீட்டினேன். அவ கனநேரம் பார்த்தா.

"இஞ்சேருங்கோ, இதை வாசிச்சனீங்களோ?"

அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். கறுப்புக் கரை. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. நடுவே முட்டை வடிவச் சட்டத்துக்குள் எங்கள் நாய், சுற்றிவர ரோசாப்பூ. மேலே "காணவில்லை" என்று இருந்தது உண்மை. ஆனால் அடியிலே, பழைய செத்த வீட்டு நோட்டீசிலிருந்து அழியாமல் நின்ற வரி: "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்."

"பக்கத்தில என்ர படத்தையும் போட்டிருக்கலாம்," என்றா மனிசி. "ஒரே செலவாப் போயிருக்கும்." ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவ சொன்ன முதல் பகிடி. அதற்காகவே அந்த நோட்டீசை நான் மன்னித்துவிட்டேன்.

ஊர் மன்னிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, சனசமூக நிலையத் தலைவர் வெள்ளை வேட்டி கட்டிக் குடையோடு படலையடியில் வந்து இறங்கினார். இளைப்பாறிய தபாலதிபர். கண்ணாடி போடாமல் தூரத்திலிருந்து விளக்குகளையும் பெரிதாக அடித்திருந்த என் இலக்கத்தையும் மட்டும் கண்டிருக்கிறார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து, என் கையைப் பிடித்து, "எப்பிடி நடந்தது? சுகமில்லை எண்டுகூடக் கேள்விப்படேல்லையே" என்றார்.

"சாட்டியில அண்ணை. வானில ஏறிப் போட்டுது."

"வான் அடிச்சதோ!"

"அடிக்கேல்லை, ஏத்திக்கொண்டு போட்டுது."

"எப்ப எடுக்கிறியள்?"

மனிசி உள்ளே போய்விட்டா. குசினிக்குள்ளிருந்து சட்டி ஒன்று விழுகிற சத்தம் வந்தது, சிரிப்பை மறைக்க. நான் ஆள் ஆரென்று சொன்னேன். அவர் கையை எடுத்தார். எழும்பினார். முகம் வேறு முகமாகிவிட்டது.

"நாய்க்கோ? குத்துவிளக்கோ? செத்தவைக்கெண்டு ஒரு மரியாதை இருக்குக் கண்டீரோ. என்ர தாயாருக்கு அடிச்சதும் உதே டிசைன்தான். பின்னேரத்துக்குள்ள நிலையச் சுவரில இருக்கிறதைக் கிழியும்."

நியாயமான கோபம். இன்னொரு நாளென்றால் நான் மன்னிப்புக் கேட்டு, அவரைச் சிரிக்கவும் வைத்து அனுப்பியிருப்பேன். அன்றைக்கு எனக்கு என்னவோ பிடித்துவிட்டது.

"கிழிக்கேலாது அண்ணை."

"என்ன?"

"இந்தத் தீவில மலேரியா நோட்டீஸ் ஒட்டினாலும் ஒருத்தரும் வாசிக்காயினம். கூட்ட நோட்டீஸ் ஒட்டினால் ஆடுதான் வாசிக்கும். செத்த வீட்டு நோட்டீசை மட்டும்தான் சனம் சைக்கிளை நிப்பாட்டி, இறங்கி, அடி வரைக்கும் வாசிக்கும். நீங்களே பாத்துத்தானே வந்தனீங்கள்? தெரியாமத்தான் அடிச்சனான். இப்ப தெரிஞ்சுகொண்டு விடுறன். நாய் வந்தாப் பிறகு நானே கிழிப்பன்."

"நான் கிழிச்சுப்போடுவன்!"

"கிழியுங்கோ. நான் திரும்ப ஒட்டுவன்."

அப்போது மனிசி குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தா. கையில் கோதுமை மாவில் காய்ச்சிய பசை, சட்டி நிறைய. மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா: "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. பசை சூடாத்தான் இருக்கு, அவசரமில்லை."

தலைவர் தேத்தண்ணி குடிக்கவில்லை. அன்று பின்னேரம் நிலையச் சுவர் வெறுமையாக இருந்தது. ஒட்டினேன். புதன் காலையிலும் வெறுமை. ஒட்டினேன். மூன்றாம் முறை, கிழித்த அடையாளத்துக்கு மேலேயே நேராக ஒட்டிவிட்டு, அவருடைய வீட்டுப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை ஒருத்தன் பசைச் சட்டியோடு சுவரடியில் நிற்கிறான், உள்ளுக்குள் இருக்கிற பயத்தைத் தெரியவிடாமல் கும்பிடு போடுகிறான், அவ்வளவுதான். மூன்று நாளாக வாசற்படிக் கோப்பையில் காகம்தான் தண்ணீர் குடித்தது. நாய்க்கு வயது போய்விட்டது, காது கேளாது, பின்னால் வருகிற பஸ்சின் கோர்ன் சத்தம் அதற்கு இல்லை. இந்த மூன்றையும் நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, மனிசியும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தோம்.

தொலைபேசி அழைப்புகள் வந்தன. பாதிப் பேர் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் எங்கள் நாயைக் கண்டதாகச் சத்தியம் பண்ணிப் படம் அனுப்பினார். படத்தில் ஆடு.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் குரல். "ஹலோ, செத்த வீடோ?"

"ஓம்" என்றேன், பழகிப்போய்.

"நான் நயினாதீவில இருந்து கதைக்கிறன். கோயில் ஐயர் வீடு. நேற்று யாழ்ப்பாணம் போயிட்டு வரேக்க இறங்குதுறையில உங்கட பேப்பரைப் பாத்தனான். செத்துப்போனார் எண்டு விளக்குக் கொழுத்தி வைச்சிருக்கிறியள். அவர் இஞ்ச எங்கட வேப்பமரத்துக்குக் கீழ கோயில் பொங்கல் புக்கை திண்டுகொண்டிருக்கிறார்."

அதற்குப் பிறகு அவ என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. மனிசிதான் போனைப் பறித்துக் கேட்டா. ஞாயிற்றுக்கிழமை சாட்டியில் குளித்துவிட்டு நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போன ஆட்களோடு வானில் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, படகிலும் ஏறியிருக்கிறார். ஒவ்வொருத்தரும் அது மற்றவர்களுடைய நாய் என்று நினைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர் கோயில் வீதியில் நின்றுவிட்டார்.

பொய்யாக இருந்தால் இரண்டு பேரும் போய் ஏமாற வேண்டாம் என்று மனிசி வீட்டில் நின்றா. நான் மட்டும் போனேன். படகில் போன இருபது நிமிடமும், அந்த அம்மாவுக்குச் சொல்வதற்கு நல்ல பகிடியாக மூன்று யோசித்து வைத்தேன்.

அது எங்கள் நாய்தான். வேப்பமர நிழலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. நாலு நாளில் வயிறு என்னுடைய வயிற்றளவுக்கு வந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை.

ஐயர் அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. என் வயதுதான் இருக்கும். "கூப்பிட்டாத் திரும்பேல்லையே" என்றா.

"காது கேளாது அம்மா."

"அது எனக்கும் தெரியும். காது கேளாததை நிண்டு கூப்பிடுற ஆளைத்தான் எனக்குத் தெரியேல்ல." அவ நகரவில்லை. "கோவிக்காதேங்கோ, உயிரோட இருக்கிற சீவனுக்கு விளக்கு வைச்சுப் பேப்பர் ஒட்டின ஆளிட்டை எப்பிடி நம்பிக் குடுக்கிறது? போன்ல கதைச்ச அக்கா அழுதவ. உங்களைப் பாத்தா அப்பிடித் தெரியேல்ல. உங்களுக்கு இந்த நாய் வேணுமோ, இல்லாட்டி வீட்டில ஏச்சு விழும் எண்டு வந்தனீங்களோ?"

யோசித்து வைத்த மூன்று பகிடியும் வாய்க்குள் நின்றன. மூன்றையும் விழுங்கினேன்.

"எனக்குத்தான் வேணும் அம்மா. பத்து வருசமா வேண்டாம் வேண்டாம் எண்டு ஊருக்குச் சொன்னனான். பொய்."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது காற்று மாறியதோ என்னவோ, நாய் தலையைத் தூக்கி மூக்கை ஆட்டியது. எழும்பிச் சோம்பல் முறித்தது. ஆடி அசைந்து வந்து, என் செருப்பை ஒருமுறை மணந்தது. பிறகு என் காலோடு காலாக நின்றுகொண்டு, இன்னும் புக்கை இருக்கிறதா என்று அந்த அம்மாவின் கையைப் பார்த்தது.

அவ சிரித்துவிட்டா. "சரி, கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா போன கையோட உந்தப் பேப்பர் எல்லாத்தையும் கிழிக்கவேணும். கூடாது அப்பிடி."

தலைவருக்கு மூன்று நாளாக மறுத்ததற்கு அவவிடம் ஒரே மூச்சில் ஓம் என்றேன். அவ வாழையிலையில் வடை கட்டித் தந்தா. எனக்கில்லை.

இறங்குதுறையில் படகுக்காரர் கையை நீட்டி மறித்தார். "நாய் ஏத்தேலாது அண்ணை. சனம் குறை சொல்லும்."

"வரேக்க ஏத்தினீங்கள்தானே."

"அப்ப அது ஆரோ ஒராளின்ர நாய் எண்டு விட்டிட்டம்."

"இப்பவும் ஒராளின்ர நாய்தான். என்ர நாய். ஏலாதெண்டா நானும் ஏறேல்ல. உங்கட படகு வெளிக்கிடட்டும், நாங்கள் ரெண்டு பேரும் இதிலயே குந்தியிருப்பம், நாளைக்கும் வருவீங்கள்தானே, நாளண்டைக்கும் வருவீங்கள்தானே."

படகு நிறைந்த சனம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. பின்னாலிருந்து ஒரு ஆச்சி, "ஏத்து மோனே, வெயில் ஏறுது, உந்த மனிசன் போகாது" என்று சத்தம் போட்டா. படகுக்காரர் தலையில் கையை வைத்துவிட்டு விலகினார்.

நான் அதைத் தூக்கி உள்ளே விட்டேன். ஏறியதும் அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத இரண்டு பேரின் கால்களுக்கு நடுவே சுருண்டு படுத்துக்கொண்டது. கேட்காத காதுக்கு அந்த அதிர்வு சுகமாக இருந்திருக்கும். எனக்கு ஆரோ இருக்கை காட்டினார்கள். வேண்டாம் என்றேன். "கொஞ்சம் தள்ளுங்கோ அண்ணை, நான் இவரோட வந்தனான்" என்று சொல்லிவிட்டு, வேட்டியோடு அந்த ஈரப் பலகையில், அதன் முதுகோடு முட்டிக்கொண்டு இருந்தேன்.